நிறத்துக்கு முன் றப்பர்

பழைய மொறிஸ் மைனர் ஒன்றையோ ஒஸ்ரின் ஏ 40 ஒன்றையோ திருத்தி எடுக்க நினைப்பவரிடம் முதல் செலவு எதற்கு என்று கேட்டால் எஞ்சினுக்கு என்பார், அடுத்தது பெயின்ற்றுக்கு என்பார். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் றப்பர் பீடிங், ஷட்டரை ஏற்றி இறக்கும் பொறி, கதவின் அடியிலுள்ள சின்னத் துவாரங்கள் எல்லாம் கடைசியில், காசு மிஞ்சினால் பார்க்கிற விசயங்கள். இந்த வரிசை பிழை என்பதுதான் இன்றைய பேச்சு. பெயின்ற் அடிக்கிறதுக்கு முன் கண்ணாடிகள் அத்தனையும் கழற்றப்பட வேண்டும். றப்பருக்கான காசு அதற்கும் முதலே தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும்.

இதைச் சொன்னவுடன் வன்னியில் எழும் மறுப்பு ஒன்று உண்டு. "அந்த நாளில் இதெல்லாம் பார்த்தா கார் ஓடினது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். போர்க்காலத்தில், 1990 இல் வன்னிக்கு எரிபொருள் வரத் தடை விழுந்ததிலிருந்து 2002 தொடக்கத்தில் அது நீங்கும்வரை, ஒரு போத்தல் அடியில் கிடந்த பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்கள் அதைத் தாங்கின. 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து மல்லாவியும் துணுக்காயும் சனத்தால் நிறைந்த நாட்களில், கார் அன்றைக்கு ஓடினால் போதும். நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் பீடிங் வெடித்திருக்கிறதா என்று யார் பார்ப்பது? ஆனால் அந்தக் கார் நாள்தோறும் ஓடியது. உள்ளே போன ஈரம் ஓட்டத்தில் காய்ந்தது. இன்றைய பழைய கார் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வருகிறது. மிச்ச நாளெல்லாம் கொட்டிலில் தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. மாரியில் தறப்பாள் மழையைத் தடுக்கும், ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைக்கும். அன்றைய பழக்கம் அன்றைக்குச் சரி, நிறுத்தி வைக்கிற காருக்கு அது பொருந்தாது.

கதவுக்குள் தண்ணீர் போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போகும் என்று தெரிந்துதான் கதவைச் செய்தார்கள். ஷட்டர் கண்ணாடி மேலும் கீழும் போக இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில், இடுப்புயரத்தில் இருக்கும் றப்பர் பட்டி கண்ணாடியை வழித்துவிடும், ஆனால் இடைவெளியை முழுதாக அடைக்காது. மிஞ்சிய தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து, கதவின் அடித் துவாரங்களால் வெளியேற வேண்டும். கச்சான் காலத்துக் கிரவல் புழுதி அந்தத் துவாரங்களை அடைத்துவிட்டால், மாரி மழைத் தண்ணீர் கதவின் அடியில் கிண்ணம்போலத் தேங்கும். மொறிஸ் மைனரின் கதவு கீழ்ப்பக்கத்திலிருந்து கறள் பிடிப்பது இதனால்தான். அதே புழுதி கண்ணாடி ஓடும் வெல்வெற் பட்டியில் ஒட்டி, அரத்தாள்போலக் கண்ணாடியைக் கீறும். பட்டி தேய்ந்தால் கண்ணாடி ஆடும். ஆடுகிற கண்ணாடி சரிந்து ஏறும்; சரிந்து ஏறினால் ஷட்டர்க் கைபிடி இறுகும்; இறுகியதைப் பலத்தால் சுற்றினால் உள்ளே பற்சக்கரம் தேயும். ஆகவே பீடிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, ஆடுகிற கண்ணாடியை அப்படியே விட்டால் புதிய பீடிங்கும் கெதியில் கிழியும். இவை எல்லாம் ஒரே வேலை. தனித்தனியாகச் செய்தால் இரண்டுதரம் காசு போகும்.

முன் கண்ணாடிக்கு வருவோம். அதைப் பிடித்திருக்கும் றப்பரில் இரண்டு பள்ளங்கள்: ஒன்று கண்ணாடியைக் கவ்வும், மற்றது தகர விளிம்பைக் கவ்வும். கறள் முதலில் பிடிப்பது அந்த மறைந்த விளிம்பில். கண்ணாடியைக் கழற்றாமல், றப்பர்மேல் பேப்பர் ஒட்டிப் பெயின்ற் அடிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. பார்வைக்கு அழகு. ஆனால் பேப்பர் மறைத்த இடத்தில் கறள் அப்படியே இருக்கும், சில மாரிகளுக்குள் புதிய பெயின்ற்றுக்குக் கீழே கொப்புளமாக எழும்பும். அப்போது ரிங்கர் வேலை, பெயின்ற் இரண்டும் மறுபடி. கழற்றினால் கண்ணாடி உடையும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பழைய காய்ந்த றப்பரை நெம்பினால் உடையத்தான் செய்யும். வெட்டி எடுத்தால் அந்த ஆபத்து குறையும். திருப்பிப் போடும்போது தகர விளிம்பைக் கவ்வும் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, ஒருவர் வெளியிலிருந்து மெல்ல அழுத்த இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க வேண்டும். றப்பர் உதடு தானாக விளிம்பில் ஏறி உட்காரும். அவசரக்காரருக்கான வேலை அல்ல.

சிலிக்கன் பூசினால் போதாதா என்று கேட்பார்கள். வினாகிரி மணக்கிற சாதாரண சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது, வெறும் இரும்பில் அது கறளை வளர்க்கும். ஒழுக்கை நிறுத்தப் பூசியதே ஒழுக்குக்குக் காரணமாகும். றப்பர் மினுங்க டீசல் பூசுவது இன்னொரு தவறு. டீசலும் மண்ணெண்ணெயும் இயற்கை றப்பரை ஊதிப்போகச் செய்து இளக்கிவிடும். வெளியில் நிற்கிற பீடிங்குக்கு ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பர் நல்லது. வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். ஆனால் எண்ணெயை அதுவும் தாங்காது. 1876 இல் ஹெனரத்கொட தோட்டத்தில் றப்பர் நட்ட நாடு இது. அந்த மரத்தின் பால் ரயருக்கு உகந்தது, வன்னி வெயிலில் கிடக்கிற கண்ணாடி விளிம்புக்கு அவ்வளவாக உகந்ததல்ல.

விலை கூடுமே என்ற மறுப்பு வலுவானது. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் பதினாறு இலட்சம் வரை செய்யப்பட்ட வண்டி. அதனால் அதன் பீடிங்குகள் பிரித்தானியாவில் இன்றும் செய்யப்படுகின்றன, இறக்குமதிச் செலவுதான் உறுத்தும். ஏ 40 சமசெற் 1952 முதல் 1954 வரை மட்டுமே வந்தது, அதற்குப் பொருள் தேடுவது கடினம். அங்கே செய்யக்கூடியது, பழைய பீடிங்கில் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்துக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் அதே குறுக்குவெட்டைத் தேடுவது. மீற்றர் கணக்கில் வாங்கி, அளவைவிடச் சற்று நீளமாக வெட்டுங்கள், றப்பர் நாளடைவில் சுருங்கும். அசல் பாகம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கறள் தின்ற கதவுக்கு ரிங்கர் வெட்டி ஒட்டுகிற தகரமும் அசல் அல்ல. றப்பரை மாற்றினால் அசல் தகரமாவது மிஞ்சும்.

மாரி மழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முதல் ஒருவர் காருக்குள் ரோச்சோடு இருக்க, இன்னொருவர் வெளியில் நின்று குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விட்டுப் பாருங்கள். கதவின் அடித் துவாரங்களை ஒரு ஈர்க்கால் குத்தித் திறந்துவிட மறக்க வேண்டாம்.