நிலக்கரிக்கு அலுவலகம் உண்டு, நெல்லுக்கு?



நிலக்கரியைப் பற்றிப் பேச ஒரு மவ்லவிக்கு என்ன தெரியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கரியின் தரம் பார்க்க எனக்குத் தெரியாது தான். ஆனால் ஒரு அரசு அலுவலகம் எப்படி வேலை செய்யும் என்பது, பட்டா மாறுதலுக்கும் கபரஸ்தான் இடத்துக்கும் வருடக் கணக்கில் படியேறியவனுக்குத் தெரியாமல் போகுமா?

ஒரு காரியத்திற்கென்று அரசாங்கம் தனி அலுவலகம் திறந்து விட்டால், அந்தக் காரியம் பாதி முடிந்து விட்டது என்று பொருள். அங்கே நாற்காலி இருக்கும், ஃபைல் இருக்கும், சம்பளம் வாங்குகிற ஆள் இருப்பார். அதிகாரி மாறுவார், மந்திரி மாறுவார், ஆட்சியே கூட மாறும். ஃபைல் மட்டும் மாறாது! நாம் போராட்டம் நடத்தி, பந்தலைப் பிரித்து, வீட்டுக்குப் போய்த் தூங்குகிற நேரத்திலும் அந்த ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்து கொண்டே இருக்கும். அமெரிக்காவில் இலினாய் என்ற மாநிலத்தில் நிலக்கரித் தொழிலை வளர்ப்பதற்கென்றே மாநில அரசு ஒரு அலுவலகம் வைத்து நடத்தியது. கரியை வளர்க்க வைத்த அலுவலகம் கரியைத் தான் வளர்க்கும். நிலத்தடி நீரையோ, வயலையோ பார்ப்பது அதன் வேலையல்ல!

நம் நாட்டில் என்ன நிலை? 2015ஆம் ஆண்டு சட்டத்தின்படி மத்திய நிலக்கரி அமைச்சகத்தில் சுரங்கங்களை ஒதுக்குவதற்கும் ஏலம் விடுவதற்கும் என்றே தனி அதிகார அமைப்பு உருவாக்கப்பட்டது. 2020 ஜூன் 18 அன்று தனியார் வியாபார ரீதியாகக் கரி வெட்டி விற்பதற்கான ஏலத்தைப் பிரதமரே தொடங்கி வைத்தார். அதன் தொடர்ச்சியாக 2023 மார்ச் 29 அன்று வந்த ஏல அறிவிப்பில் மூன்று ஊர்களின் பெயர் இருந்தது. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி! அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி! கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி! மூன்றும் பழுப்பு நிலக்கரி இருக்கும் பகுதிகள்.

வடசேரி எங்கோ இருக்கிறது என்று எண்ணி விடாதீர்கள். அந்தச் சுரங்கப் பகுதியின் எல்லை திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடிப் பக்கமும் நீண்டது. மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் எவ்வளவு தூரம்? சேத்தியாத்தோப்பிலிருந்து நம் லால்பேட்டை எவ்வளவு தூரம்? யோசித்துப் பாருங்கள்!

டெல்டா கொந்தளித்தது. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் எதிர்த்துப் பேசின. ஏப்ரல் 8 அன்று மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி, மூன்று பகுதிகளையும் ஏலத்திலிருந்து நீக்கச் சொல்லி விட்டதாக ட்விட்டரில் அறிவித்தார். மக்கள் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து நாளில் பட்டியலில் ஏறியதும், பத்தே நாளில் இறங்கியதும் யாருடைய பேனாவால்? கரிக்கான அலுவலகத்தின் பேனாவால் தானே? எழுதிய பேனா அங்கேயே இருக்கிறது. மண்ணுக்கடியில் இருக்கும் கரியும் அங்கேயே இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

"நமக்குத் தான் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே" என்று ஒரு சகோதரர் கேட்டார். இருக்கிறது. 2020 பிப்ரவரி 20 அன்று எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் நிறைவேறிய சட்டம் அது. நல்ல சட்டம் தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

அதே மாதம் 9ஆம் தேதி சேலம் மாவட்டம் தலைவாசலில் அவர் அறிவித்த போது திருச்சி, கரூர், அரியலூர் ஆகிய மாவட்டங்களின் பெயரும் சொல்லப்பட்டது. சட்டமாக வந்த போது அவை இல்லை! தஞ்சை, திருவாரூர், நாகை ஆகிய மாவட்டங்கள், கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள். இவ்வளவு தான். பிறகு மயிலாடுதுறை தனி மாவட்டமாகி விட்டதால் 2023ல் திருத்தம் கொண்டு வந்து அதன் பெயரைச் சேர்த்தார்கள். கடலூரின் அந்த ஐந்தில் பரங்கிப்பேட்டை உண்டு, காட்டுமன்னார்கோயில் உண்டு. ஆனால் ஏலப் பட்டியலில் வந்த மைக்கேல்பட்டி அரியலூரில் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு இக்கரையில் இருந்தால் பாதுகாப்பு, அக்கரையில் இருந்தால் இல்லை. நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை தெரியுமா?

அந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது? உருக்காலை, தாமிர ஆலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத் தடுக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பதையும் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்து கொண்டிருந்த திட்டங்களை அது தொடாது. துறைமுகம், குழாய் பதித்தல், சாலை, மின்சாரம் போன்றவற்றிற்கு வழி விட்டிருக்கிறது. பட்டியலைப் படித்துப் பாருங்கள். மீத்தேன் என்று தெளிவாக இருக்கிறது. அதே தெளிவோடு "நிலக்கரிச் சுரங்கம்" என்று போட்டிருந்தால், 2023ல் ஒரு முதலமைச்சர் கடிதம் எழுதித் தான் நிறுத்த வேண்டும் என்ற நிலை வந்திருக்குமா? சுரங்கங்களை ஒழுங்குபடுத்துவது அரசியல் சாசனப்படி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது, நிலமும் விவசாயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டுக்குள் அவர் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று. நம் சாவியைத் துருப்பிடிக்க விடக் கூடாது என்று தான் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தில் ஓர் அமைப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள். முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல ஆணையம் அது! அதன் கீழே மாவட்டத்திற்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில் குழு! அதாவது, கரிக்கு ஓர் அலுவலகம் இருப்பது போல நெல்லுக்கும் ஓர் அலுவலகம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லி விட்டது. இந்தக் கூட்டத்தில் இருக்கும் நிலச்சொந்தக்காரர்களைக் கேட்கிறேன். அந்த மாவட்டக் குழுவுக்கு உங்களில் யாராவது ஒரு மனு கொடுத்ததுண்டா? அப்படி ஒன்று இருப்பதாவது தெரியுமா? ரேஷன் கார்டுக்கு அலைகிறோம், பாஸ்போர்ட்டுக்கு அலைகிறோம். சோறு போடும் வயலுக்காக வாசல் படி மிதிக்க நமக்கு நேரமில்லை!

நெய்வேலி என்ன சொல்கிறது?

"ஹஸ்ரத், சுரங்கம் வந்தால் நம்ம பயல்களுக்கு வேலை கிடைக்கும், கடைகளுக்கு வியாபாரம் வரும், நீங்க ஏன் தடுக்கிறீங்க?" என்று பட்டதாரித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் வெயிலில் நிற்பதை விட உள்ளூரில் உழைப்பது மேல் என்று நினைக்கிற பிள்ளையை நான் கோபிக்க மாட்டேன்.

அந்தத் தம்பிக்கு நெய்வேலியைக் காட்டுகிறேன். 1956ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு வருடமே சுரங்கம் வெட்ட ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்தது. இதை மறுத்தால் நாம் நன்றி கெட்டவர்களாகி விடுவோம். ஆனால் அங்கே கரி எடுப்பது எப்படி? கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்து கொண்டு வந்து விடும். ஆகவே இரவும் பகலும் மோட்டார் போட்டு இறைத்துக் கொண்டே இருக்க வேண்டும். மேலே இருக்கும் மண்ணை மலை மலையாக வாரி வேறிடத்தில் கொட்ட வேண்டும். இங்கே ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக் கொண்டிருக்கிற நாம், பம்புசெட்டை நம்பித் தான் பல வருடம் குறுவை நடவு செய்கிறோம். அந்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டி விட்டால்? மன்னார்குடியில் 2010ல் மீத்தேனுக்கு ஒப்பந்தம் போட்ட போதும் இதே பயம் தான். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் இதைத் தான் சொன்னார். அந்தப் பிரச்சாரத்தில் இருந்த போதே 2013 டிசம்பர் 30ல் பட்டுக்கோட்டை அருகே அவர் உயிர் பிரிந்தது.

நெய்வேலிக்கு நிலம் எடுத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? டெல்லியா? இல்லை. மாநில அரசின் வருவாய்த் துறை! தொழிற் பயன்பாட்டுக்காக நிலம் எடுக்க 1997ல் மாநிலம் போட்ட சட்டம்! அதற்கென்று தனி நில எடுப்பு அதிகாரிகள்! மாநில அரசு கரிக்கு அலுவலகம் வைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயர்ப் பலகையில் கரி என்று எழுதியிருக்காது, அவ்வளவு தான். மின்வாரியத்துக்குக் கப்பலில் கரி கொண்டு வருவதற்கு 1974ல் தமிழக அரசு தொடங்கிய கப்பல் கழகத்தின் பெயர் என்ன? பூம்புகார்! காவிரி கடலில் சேரும் ஊரின் பெயர் கரிக் கப்பல் கழகத்துக்கு வைக்கப்பட்டது!

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் மீது பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்தீர்களே! கதிர் முற்றும் வரை கூடப் பொறுக்கவில்லை. நிலத்தைப் பல வருடங்களுக்கு முன்பே எடுத்து விட்டோம், பணம் கொடுத்து விட்டோம் என்றது நிறுவனம். ஃபைலின்படி அது சரி. ஃபைல் எப்போது திறந்ததோ அன்றே அந்த வயல் போய் விட்டது. பயிர் வைத்தவனுக்குத் தான் அது தெரியவில்லை!

வியாபாரிகளே! உங்களுக்கென்று ஒரு கணக்கு. ஜவுளிக்கடையில் எந்த மாதம் கூட்டம் நிற்கிறது? பாத்திரக்கடையில், ஹார்டுவேரில் பழைய பாக்கி எப்போது வசூலாகிறது? கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கைக்கு வந்த பிறகு தானே? அந்தப் பணம் நடவு ஆள், டிராக்டர்காரர், உரக்கடை, ரைஸ்மில், லாரி என்று பத்துக் கை சுற்றி உங்கள் கல்லாவுக்கு வருகிறது. மறு வருடமும் வரும். இழப்பீட்டுப் பணம் ஒரே ஒரு தடவை வரும். காராகவும் கல்யாணச் செலவாகவும் போய் விடும். பிறகு அந்த வாடிக்கையாளர் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் விடுவார், உங்கள் பாக்கி நோட்டு மட்டும் இங்கே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் கடையில் எரியும் விளக்குக்கு ஒடிசாவில் யாரோ ஒரு ஏழை தன் நிலத்தைக் கொடுத்திருக்கிறான். ஜார்க்கண்டில் ஜரியாவில் நூறு வருடத்துக்கு மேலாக மண்ணுக்கடியில் கரி எரிந்து கொண்டிருக்கிறது. "எங்கள் ஊரில் வேண்டாம், அங்கே வெட்டிக் கொள்" என்று மட்டும் சொல்வது நீதியாகாது. மசூதி மாடியிலும் மதரஸா மாடியிலும் கடைக் கூரையிலும் சோலார் வைக்க நம்மால் முடியும். வைத்து விட்டுப் பேசினால் பேச்சுக்கு எடை இருக்கும்.

செய்ய வேண்டியது

ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, வழுத்தூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நம் ஊர்களில் சபர் போய்ச் சம்பாதித்து நஞ்சை வாங்கிய குடும்பங்கள் ஏராளம். பல நிலங்கள் இன்னும் மவுத்தான அத்தா பெயரில், பாட்டனார் பெயரில் கிடக்கின்றன. பள்ளிவாசல் நிலங்களின் குத்தகை வாய்ப் பேச்சில் ஓடுகிறது. நாளைக்கு ஒரு நில எடுப்பு நோட்டீஸ் வந்தால், ஆட்சேபணை தெரிவிக்கக் கூட நம் பெயர் தாளில் இருக்காது. ஆகவே முதலில் வாரிசுப் பெயரில் பட்டா மாற்றுங்கள். குத்தகையை எழுதி வையுங்கள். உழுகிற சகோதரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர் பெயரும் அதில் இருக்கட்டும். பள்ளிவாசல் நிலம் நம்மிடம் உள்ள அமானிதம்.

அடுத்தது மனு. கலெக்டர் ஆபீஸில் மாதம் ஒரு முறை விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேளாண் மண்டல மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது? அதன் முடிவுகளைப் பொதுமக்கள் எங்கே பார்க்கலாம்? தடை செய்த தொழில்களின் பட்டியலில் நிலக்கரிச் சுரங்கத்தை வெளிப்படையாகச் சேர்க்கவும், அரியலூரின் கொள்ளிடக் கரை ஊர்களை மண்டலத்தில் இணைக்கவும் அரசுக்குக் குழு பரிந்துரைக்குமா? பதில் வரவில்லையானால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

மனுவின் மாதிரி வாசலில் தம்பிகள் கையில் இருக்கிறது. ஊருக்கு இருவர் பெயர் கொடுத்து விட்டுப் போங்கள். ஒருவர் நிலம் வைத்திருப்பவர், ஒருவர் கடை வைத்திருப்பவர். அடுத்த குறைதீர் கூட்டத்துக்குக் காலை பத்து மணிக்கு முன்பே போக வேண்டும், பட்டா நகலைக் கையில் எடுத்து வாருங்கள். கொடுக்கும் மனுவுக்கு ரசீது வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.