கொற்கை: முத்தும் மூச்சும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவ்வூர் கொற்கை. அதைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவியரை அவ்வூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே பேருந்து நின்றது. முதிய வன்னி மரத்தடியில் இறங்கி நின்றதும் ஒரு மாணவி, “அம்மா, கடல் எங்கே?” என்று கேட்டாள். வயலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கிழக்கே கையை நீட்டினார். ஏறத்தாழ ஆறு, ஏழு கிலோமீட்டருக்கு அப்பால்தான் கடல் இருந்தது.

பாண்டியரின் பெருந்துறை இன்று நீரற்ற துறையாக நிற்கிறது. இதற்குக் காரணம் தாமிரபரணி. மலையிலிருந்து அது கொணர்ந்த வண்டலை முகத்துவாரத்தில் நூற்றாண்டுக் கணக்கில் படியவிட்டது. கரை கிழக்கே நகர்ந்தது, கடல் பின்வாங்கியது. கொற்கையையும் காயலையும் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த கால்டுவெல், அங்கே நிலத்தைத் தோண்டினால் கடற்சிப்பிகள் வெளிப்படுவதைக் கவனித்தார். வயலாக இருப்பது முன்பு கடலடியாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஊரின் தொன்மைக்கும் சான்றுகள் உள. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் நடந்த அகழாய்வில், ஒன்பது அடுக்குகளாக அமைந்த துளையிட்ட சுடுமண் குழாயொன்று வெளிப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடல் பயணம்’ என்னும் கிரேக்க நூலும், அடுத்த நூற்றாண்டில் தாலமியும் இவ்வூரைக் ‘கொல்கை’ என்ற ஒலிப்பில் குறிக்கின்றனர். ஊரை அடுத்து இன்றும் அக்கசாலை என்றோர் இடம் உண்டு. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். கடல் போன பிறகும் பெயர் போகவில்லை.

கடல் விலக விலக, துறையும் அதன் பின்னே நடந்தது. கொற்கைக்குப் பின் பழையகாயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கலங்களை அங்கே கண்டதாக எழுதுகிறார். பழையகாயலும் தூர்ந்தபோது புன்னைக்காயல் முன்னுக்கு வந்தது. போர்த்துக்கீசியரின் துணையை நாடிய பரதவர் 1530களில் கிறித்தவம் தழுவினர். அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றிக்கஸ் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றுத் தமிழில் எழுதினார். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. அது புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பர். தமிழ் எழுத்து அச்சுக்கு வந்த முதல் தலைமுறையில் இந்தக் கடற்கரைக்கும் பங்குண்டு என்பதைக் கவிஞர்கள் மறத்தலாகாது. இறுதியில் துறை தூத்துக்குடிக்குச் சென்று நிலைத்தது. ஓர் ஆறும் ஒரு குடாக்கடலும் சேர்ந்து நான்கு ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி அழித்த வரலாறு இது.

இதுவரை கூறியது துறையின் வரலாறு. நான் இங்குக் கூற விழைவது மூழ்கியவனின் வரலாறு.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பர். முத்துக்குளிப்பைச் ‘சலாபம்’ என்பர். பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு, கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் ஊன்றி ஒருவன் இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடமே அவனுக்கு அளிக்கப்பட்ட காலம். அதற்குள் சிப்பிகளை அள்ளிக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். படகில் நிற்பவன் இழுப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தன் உடன்பிறந்தாள் தாலியை அவன் காப்பான் என்று நம் நாட்டில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வழக்காறு எவ்வளவு உண்மையோ, அச்சம் முழு உண்மை.

கிரேக்க நூல் ஒரு கசப்பான செய்தியையும் தருகிறது. கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது அது. மார்க்கோ போலோவோ, சுறாக்களைக் கட்ட மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகக் கூறுகிறார். மிகப் பிற்காலம் வரையில் ‘கடல்கட்டி’ என்ற பெயரில் அத்தொழில் நீடித்தது. டச்சுக்காரர் காலத்தில் சலாபத்தில் மன்னருக்கும் தலைவருக்கும் உரிய பங்கு ‘இத்தனை கல்’ என்று எண்ணப்பட்டது. ஆளை எண்ணாமல், அவன் காலடியிலிருந்த கல்லை எண்ணினர். ஆங்கிலேயர் ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவர்க்கு என்ற முறை நிலவியது.

நம் இலக்கியம் இவனை எங்கே வைத்திருக்கிறது? ஐங்குறுநூற்றின் 185ஆம் பாடலில் கொற்கை முத்து தலைவியின் பல்லுக்கு உவமையாகிறது. அந்த உவமையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறேன். வெண்மை, ஒளி, வரிசை என்று பொதுத்தன்மை கூறி முடித்துவிடுவேன். அந்த முத்துக்குப் பின்னே ஒருவனுடைய மூச்சு இருந்தது என்று ஒருநாளும் கூறியதில்லை. இதை நான் என் குறையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் புலவர் எல்லாரும் என்னைப்போல் இருந்தாரில்லை. அகநானூற்றின் 350ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். தாக்கவரும் சுறாவை விலக்கிவிட்டு வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவர் கரைக்கு மீள்கின்றனர். சங்கு முழங்குகிறது, ஆரவாரத்துடன் கொற்கை அவர்களை எதிர்கொள்கிறது. நெய்தற் பாடலொன்றில் இடம்பெறும் சில அடிகள்தாம் இவை. எனினும் அவற்றில் சுறா இருக்கிறது, மூழ்குதல் இருக்கிறது, உயிரோடு மீண்டவரை வரவேற்கக் காத்திருந்த ஓர் ஊர் இருக்கிறது. பிற்காலத்தில் நாம் முத்தை எடுத்துக்கொண்டோம். கரையில் காத்திருந்த ஊரை விட்டுவிட்டோம். உவமைக்கும் வண்டல் படிவதுண்டு.

அந்த வண்டலை வாரியவர்கள் அண்மைக் காலத்தில் புனைகதையாளர்களே. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகியவை நெய்தல் மாந்தரை அவர்தம் பேச்சோடும் பசியோடும் நம்முன் நிறுத்தின. கவிதை அவ்வளவு தொலைவு சென்றதா என்பதை இங்குள்ள கவிஞர்களே கூற வேண்டும்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சலாபமே கடைசிச் சலாபம். அதன்பின் அரசு முத்துக்குளிப்பு நடத்தவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். சங்குக்காக மூழ்குவோர் இன்றும் இக்கரையில் உள்ளனர். காற்றைச் செலுத்தும் குழாயொன்று படகிலிருந்து அவர்களைத் தொடர்கிறது. கல்லும் கயிறும் மாறின. ஆழத்தில் இருப்பவனின் உயிர் மேலே நிற்பவன் கையில் என்பது மாறவில்லை.

பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை வாசிக்கும் இவ்வட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டில் ஒரு மாதக் கூட்டத்தைப் புன்னைக்காயல் கரையில் நடத்துங்கள். அன்று நாம் கவிதை வாசிக்க வேண்டா. மூழ்கி எழுந்தவர்களைப் பேசச் சொல்லிக் கேட்போம். கேட்ட சொற்களை அவர்கள் பெயரோடு எழுதி வைப்போம். சலாபத்தில் மூழ்கிய தலைமுறை நம்மைவிட்டு நீங்கிக்கொண்டிருக்கிறது. கொற்கையில் கடல் எங்கே என்று கேட்ட என் மாணவிக்கு அன்று திசையைக் காட்ட ஒரு பெரியவர் இருந்தார். நாளை அவள் மாணவி கேட்கும்போது காட்ட ஓர் ஏடாவது இருக்க வேண்டும்.