காப்பியின் விலையும் செய்தியின் விலையும்



நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய காலத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கும்? பெரும்பாலும் விலைவாசியில்தான் தொடங்கும். "அப்போது பத்துக் காசுக்குக் காப்பி குடித்தோம். கையில் ஒரு வெள்ளி இருந்தால் ராஜா மாதிரி" என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இளையவர்களும் அந்தக் காலத்தில் பிறக்காமல் போனோமே என்று பெருமூச்சு விடுவார்கள்.

அந்தப் பெருமூச்சு சரிதானா என்று இன்று பார்ப்போம். இதற்காக 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். மலாயா விடுதலை பெற்றதும், சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றதும் இந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான். அன்று நம் மக்கள் எதை வாங்கினார்கள், எதைக் கண்டு களித்தார்கள், எந்தச் செய்திக்குக் காத்திருந்தார்கள் என்பதை வரிசையாகக் காண்போம்.

முதலில் பணம். அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரே வெள்ளிதான் புழங்கியது. வடபோர்னியோ, சரவாக், புருணை ஆகிய இடங்களிலும் அதே நாணயம்தான். 1967 ஜூன் மாதத்தில்தான் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் நாணயத்தை வெளியிடத் தொடங்கின. ஒரு காசு நாணயம் அன்று சதுரமாக, மூலைகள் மழுங்கி இருக்கும். கடையில் சாமான் நிறுப்பது காட்டிக் கணக்கு. பதினாறு தாகில் கொண்டது ஒரு காட்டி. இன்றைய கணக்கில் அது 600 கிராமுக்குச் சற்று அதிகம்.

பத்துக் காசுக் காப்பி என்பது பொய்யன்று. ஆனால் விலையை மட்டும் சொல்லிவிட்டு, வாங்கியவருடைய வருமானத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் பாதிதான் சொன்னதாகும். ஒருவருடைய நாள்கூலி மூன்று வெள்ளி, அவர் எட்டு மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மணி நேர உழைப்புக்கு முப்பத்தேழரைக் காசு. பத்துக் காசுக் காப்பியைக் குடிக்க அவர் பதினாறு நிமிடம் உழைத்திருக்க வேண்டும். இன்று நீங்கள் குடிக்கும் காப்பிக்கு எத்தனை நிமிடம் உழைக்கிறீர்கள்? இந்தக் கணக்கை நேயர்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள். பழைய காப்பி நாம் நினைத்த அளவுக்கு மலிவில்லை என்பது விளங்கும்.

இதே அளவுகோலை இன்னும் இரண்டு இடங்களில் வைத்துப் பார்ப்போம். சிங்கப்பூரில் 1949 முதல் கம்பி வழியாக ஒலிபரப்பி வந்த ரெடிபியூசன் வானொலிக்கு மாதச் சந்தா ஐந்து வெள்ளி. நாம் வைத்துக்கொண்ட கூலியில் இது ஏறத்தாழ ஒன்றே முக்கால் நாள் உழைப்பு. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய ஓரறை வீட்டுக்கு மாத வாடகை இருபது வெள்ளி. அது ஏறத்தாழ ஏழு நாள் உழைப்பு. எனவே காசின் எண்ணிக்கை சிறியதாக இருந்ததே தவிர, வாழ்க்கை எளிதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

தோட்டங்களில் நிலைமை இதைவிட இறுக்கம். 1957ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாயாவில் ஏறத்தாழ அறுபத்து மூன்று இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம். அவர்களில் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டங்களை நம்பியிருந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, வெட்டுக்காட்டில் இறங்கினால்தான் கூலி. விடாத மழை என்றால் மரம் வெட்ட முடியாது, வேலையும் இல்லை. இதற்கும் மேலாக, கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1958இல் உலக வாணிபம் மந்தமடைந்தபோது ரப்பர் ஓர் இராத்தல் எண்பது காசு அளவுக்கு இறங்கிவிட்டது. மறு ஆண்டு ஒரு வெள்ளிக்கு ஏறியது. எங்கோ கடல் கடந்த நாட்டில் மோட்டார் வண்டி விற்பனை குறைந்தால் இங்கே லயத்து அடுப்பில் குழம்பு தண்ணீராகும். அந்தக் காலத்துச் சிக்கல் அது.

மாதக் கடைசியை எப்படிச் சமாளித்தார்கள்? அதற்குத்தான் 555 புத்தகம் இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு என்று கடைக்காரர் எழுதுவார். சம்பள நாளன்று கணக்குத் தீரும். அன்று மாலையே புதுப் பக்கம் தொடங்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட அழைத்துப்போய், "என்ன எழுதியிருக்கிறான், படி" என்பார்கள். நம்மில் பலர் கூட்டல் கணக்கைப் பழகியது அந்தக் கடை வாசலில்தான்.

இனிப் பொழுதுபோக்குக்கு வருவோம். தொலைக்காட்சி இல்லாத காலம் அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது 1963இல்தான். நகரத்து மக்களுக்குக் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. சிங்கப்பூரில் நியூ வொர்ல்ட், கிரேட் வொர்ல்ட், ஹேப்பி வொர்ல்ட் என்று மூன்று. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா. மல்யுத்தம், ரோங்கெங் ஆட்டம், நாடகம், சினிமா, பலகாரக் கடை எல்லாம் ஒரே வேலிக்குள். குறைந்த காசில் உள்ளே நுழைந்து, எதையும் வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாலும் மனம் நிறையும்.

தோட்டத்துக்கோ சினிமா தேடி வரும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாயுமுன்பே பாயைக் கொண்டுபோய் இடம் பிடிப்போம். முன்புறம் இடம் இல்லாதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு. கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான், அவ்வளவுதான்! 1958இல் 'நாடோடி மன்ன'னும், 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னும் வெளிவந்தன. படம் முடிந்து மாதங்கள் கழிந்த பிறகும் பிள்ளைகள் ரப்பர்க் குச்சியை வாளாக்கிக்கொண்டு வசனம் பேசித் திரிந்தார்கள்.

தமிழ்ப்படம் மட்டும் பார்த்தோம் என்று எண்ண வேண்டாம். பி. ரம்லியின் மலாய்ப் படங்களுக்கும் நம் மக்கள் குடும்பத்தோடு போனார்கள். 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அது எல்லார் வீட்டுப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட சிங்கப்பூர்ப் படப்பிடிப்பு நிலையங்களில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களும் பணியாற்றினார்கள். காப்பிக் கடைகளிலோ ரெடிபியூசனில் லீ டாய் சோ கண்டனீஸ் மொழியில் கதை சொல்லும் நேரத்தில் சீன நண்பர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மொழி புரியாத நாமும் அவர்கள் முகத்தைப் பார்த்தே கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

நேயர்களே, இப்போது செய்திக்கு வருவோம். இன்றைய பேச்சின் முக்கியமான பகுதி இதுதான்.

அன்று எல்லார் வீட்டிலும் வானொலி இல்லை. எல்லாராலும் செய்தித்தாள் வாங்கவும் முடியாது. லயங்கள் பலவற்றில் மின்சாரம் கிடையாது. பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று கிராணி வீட்டிலோ கடையிலோ இருக்கும். அதைச் சுற்றி முப்பது பேர் நிற்பார்கள். 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன், 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு ஆகிய நாளிதழ்கள் முடிதிருத்தும் கடைக்கு வரும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். ஒரே தாள் பல கை மாறி, கடைசியில் கடலை மடிக்கப் போகும்போதும் யாராவது ஒருவர் அதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

எத்தனை பெரிய செய்திகள் அந்த மூன்று ஆண்டுகளில்! 1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் காலை, கோலாலம்பூர் மெர்டெக்கா விளையாட்டரங்கில் துங்கு அப்துல் ரகுமான் கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டெக்கா" என்று முழங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. 1958 ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடந்த தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டியில், 1949 முதல் தொடர்ந்து மூன்று முறை கிண்ணத்தை வென்றிருந்த மலாயாக் குழு, இந்தோனேசியாவிடம் மூன்றுக்கு ஆறு என்ற கணக்கில் தோற்றது. 1959 மே 30ஆம் நாள் சிங்கப்பூரில் பொதுத்தேர்தல். ஜூன் 3ஆம் நாள் தன்னாட்சி. இவையெல்லாம் நமக்கு மனப்பாடம்.

ஆனால் இவற்றைவிட நம் குடும்பங்களின் தலைவிதியை மாற்றிய செய்தி ஒன்று இருந்தது. அது எந்த ஆரவாரமும் இல்லாமல் செய்தித்தாளின் உட்பக்கத்திலும் வானொலி அறிவிப்பிலும் வந்தது. அதுதான் குடியுரிமைப் பதிவு.

மலாயாவில் பிறந்தவர்கள் விடுதலை நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று அரசமைப்புச் சட்டம் வழி விட்டிருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களும், முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டாண்டு இங்கே வாழ்ந்திருந்தால் மனுச் செய்யலாம். சிங்கப்பூரிலும் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டாண்டு வசித்தவர்களுக்கான பதிவு அந்த நவம்பரில் தொடங்கியது. தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, நம் மக்கள் குடியுரிமை பெற வேண்டும் என்று ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார்.

செய்தி வந்தது. ஆனால் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்ததா? அடுத்த பட்டணத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்றால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேறு. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். "இரண்டு வருசத்தில் ஊருக்குப் போய்விடப் போகிறோம், நமக்கு எதற்கு இது?" என்றவர்களும் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே 'ரஜூலா' கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அல்லவா? ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பு. அந்த இரண்டு வருசம் பத்து வருசமாயிற்று.

இதன் விலை பிறகுதான் தெரிந்தது. 1968இல் மலேசியாவில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். இங்கேயே வளர்ந்தவர்கள், இங்கேயே பிள்ளை பெற்றவர்கள், தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அண்ணன் நீல அட்டை, தம்பி சிவப்பு அட்டை என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்த கதைகள் நம் தோட்டங்களில் ஏராளம். பலருடைய வீட்டில், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் 1957இலோ 1958இலோ ஒருநாள் கூலியை விட்டுப் பட்டணத்துக்குப் போனதும் போகாததும்தான்.

அதனால்தான் அந்தக் காலத்துக் காப்பியின் விலையைப் பேசும்போது செய்தியின் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறோம். முடிதிருத்தும் கடையில் உரக்கப் படித்தாரே ஒருவர், அவர் தம்மை அறியாமலே பல குடும்பங்களைக் காப்பாற்றினார். படித்துக் காட்ட ஆள் இல்லாத லயங்களில் இழப்பு அதிகம். கையில் காசில்லாமல் வந்த துன்பத்தை 555 புத்தகம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டது. காதில் செய்தி விழாமல் வந்த துன்பத்தை எந்தக் கடைக்காரராலும் கடனாக எழுதிக்கொள்ள முடியவில்லை.

இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. நம் உள்ளங்கையிலேயே குவிகிறது. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. முடிதிருத்தும் கடையில் அவரவர் அவரவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் அரசாங்கம் அறிவிக்கும் ஓர் உதவியோ, பதிவோ, கெடு நாளோ நம் பக்கத்து வீட்டு முதியவருக்குத் தெரியுமா என்று நாம் கேட்கிறோமா? பிறப்புப் பதிவு இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் தவிப்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒருவர் படிவத்தைப் படித்துக் காட்டி, கூடப் போய் வரிசையில் நின்றால் அது பேருதவியாகும்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "அந்தக் காப்பிக்கு எவ்வளவு நேரம் உழைத்தீர்கள்?" என்பது ஒன்று. "குடியுரிமைச் செய்தியை உங்களுக்குச் சொன்னது யார்?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும்போது அவர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்ப வரலாற்றில் இடம்பெற வேண்டிய பெயர் அது.