ஈட்டியும் கேடயமும் மட்டுந்தானா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர்களும் பட்டதாரிகளும் வீற்றிருக்கும் இவ்வவையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கும் பேச இடமளித்த செயற்குழுவினருக்கு நன்றி. நாள் முழுதும் ஊர்ப்பெயர்களோடும் பயணக் கட்டணங்களோடும் பழகுகிற நமக்கு, ஓர் ஊரை அயலாருக்கு எவ்வாறு அழகு காட்டி அழைக்கிறார்கள் என்று அறிவதில் ஓர் ஆசை உண்டு. அவ்வகையில், தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களைச் சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் விதத்தைச் சிறிது காண்போம்.

அவ்விளம்பரங்களில் யாரைப் பார்க்கிறோம்? சிறுத்தைத் தோல் போர்த்த வீரன். ஒரு கையில் மாட்டுத்தோல் கேடயம், மறு கையில் ஈட்டி. அருகே பாசிமணி பூண்ட கன்னியர். பின்னே தேன்கூடு போன்ற புற்குடில். 1879-ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டில் பொழுதே விடியவில்லையோ என்று எண்ணத் தோன்றும். அவ்வாண்டு ஜனவரி 22-இல் இசண்ட்ல்வானா என்னுமிடத்தில் ஜூலுப் படை ஆங்கிலேயரை முறியடித்தது. ஆங்கிலேயர் பக்கத்தில் 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் ஜூலை 4-இல் உலுண்டியில் ஜூலு அரசு வீழ்ந்தது. அன்று பகைவன் மனத்திற் பதிந்த கோலமே இன்றும் வண்ணப் படமாய் விற்பனையாகிறது.

இவ்வாறு காட்டும் வழக்கம் பழையது. 1853-இலேயே ஜூலுக்கள் சிலரை இலண்டனுக்குக் கொணர்ந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையில் காட்டினர். ஏழைகளுக்காக உருகி எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ்கூட அவர்களை இழித்து ஒரு கட்டுரை வரைந்தார். போர் நடந்த 1879-இலும் பாரினி என்னும் காட்சி வியாபாரி இலண்டனில் ஜூலுக்களை மேடையேற்றினார்.

டர்பன் நகரத்து ரிக்ஷாவும் அவ்வாறே. கொல்கத்தாவில் வாழும் நமக்குக் கைரிக்ஷாவைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. 1890-களில் அவ்வண்டி டர்பனுக்கு வந்தபோது, இழுத்தவர்கள் பிழைப்புக்காக நகரம் வந்த ஜூலு இளைஞர்கள். பயணியரைக் கவரும் போட்டியில் மாட்டுக் கொம்பும், மணிக்கோவையும், இறகும் அவர்தம் தலையில் ஏறின. பின்னர் அக்கோலமே ஜூலுப் பண்பாடு என அஞ்சலட்டைகளில் அச்சாயிற்று. வியர்வை சிந்தி வண்டி இழுப்பவனுக்கு இங்கே கந்தல் லுங்கி. அங்கே கொம்பும் மணியும். உழைப்பு ஒன்றே, ஒப்பனைதான் வேறு.

மற்றொன்றும் கேளுங்கள். ஷாகா மன்னனைப் பற்றி 1986-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. அதற்காக எஷோவே நகருக்கு அருகே எழுப்பிய படப்பிடிப்புக் குடில்கள், பின்னர் ஷாகாலாந்து என்ற பெயரில் பயணியர் விடுதியும் காட்சிக் கிராமமும் ஆயின. நாடகத்துக்குக் கட்டிய அரங்கை நாட்டின் வாழ்வாகப் பார்த்துத் திரும்பியோர் பலர்!

விளம்பரத்தில் இடம் பெறாதவர் யார்? ஜான் டூபே 1901-இல் ஒலாங்கே பள்ளியை நிறுவினார். 1903-இல் ஜூலு மொழியில் செய்தித்தாள் தொடங்கினார். 1912-இல் பின்னாளைய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் முதல் தலைவரானார். காந்தியடிகளின் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அண்டை வீட்டார் அவர். ஆல்பர்ட் லுத்துலி 1960-ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு பெற்றார். கவிஞர் விலாகாசி 1946-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் டோக் என்பவரோடு தொகுத்த ஜூலு அகராதி, அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. இவர்கள் ஜூலுக்கள் அல்லரோ?

நம்மைப் போன்ற சாமானியரையும் அவ்விளம்பரம் மறந்தது. 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பினத்தாரின் நில உரிமையைச் சுருக்கியது. அதற்கு முன்பே தொடங்கிய வரிச்சுமையும் சேர, ஆடவர் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பெயர்ந்தனர். வீட்டை விட்டு வந்த அத்தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் சனிக்கிழமை இரவுகளில் கூடிப் பாட்டுப் போட்டி நடத்தினர். இசிக்கத்தமியா என்னும் அவ்விசைக்கு, ஓசையின்றி மெல்ல அடிவைத்து ஆடுவதே அழகு. ஊர் விட்டு ஊர் வந்து, ஓய்வு நாளில் கூடித் தாய்மொழியிற் பாடும் அவர்களும் ஒரு சங்கத்தார் அன்றோ? ஈட்டி ஏந்திய வீரனைவிட இவரே நமக்கு நெருங்கிய உறவு.

இவ்வாறு கூறுவதால், ஈட்டியும் கேடயமும் பொய் என்பது நம் கருத்தன்று. திருநாட்களில் ஜூலு மக்கள் அவற்றைப் பெருமிதத்தோடு ஏந்துகின்றனர். மணி கோத்து விற்கும் பெண்டிருக்கும், ஆடிக் காட்டும் இளைஞருக்கும் பயணியரின் காசு சோறு போடுகிறது. அதனைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆயின் விழாக் கோலத்தை அன்றாட வாழ்வாகவும், ஒரு பகுதியை முழுமையாகவும் காட்டுவதே பிழை. வாயிலில் வாங்கும் கட்டணத்தில் ஆடியவர் பங்கு எவ்வளவு என்பதும், தம்மைப் பற்றிச் சொல்லும் உரிமை அவர் கையில் உள்ளதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகள்.

பிறரைக் குற்றம் சொல்லுமுன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். சென்ற ஆண்டு குடும்பங்களோடு சாந்திநிகேதனுக்கு உல்லாசப் பயணம் சென்றோம். சாந்தால் மக்கள் தலையில் பூச்சூடி, முழவுக்கேற்ப ஆடினர். அருகே நின்று படம் எடுத்தோம், பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுத்தோம், வண்டியேறினோம். ஆடியவருள் ஒருவர் பெயரையேனும் கேட்டோமா? அம்மொழிக்கு 1925-இல் ரகுநாத் முர்மு தனி எழுத்து வகுத்தார் என்பதும், 2003-இல் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறித் தமிழோடு ஒரே வரிசையில் அமர்ந்தது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கும் வீடு திரும்பிய பின்னரே தெரிந்தது. வெட்கமாயிருந்தது.

நம்மை 'மதராஸி' என்று ஒரே சொல்லில் அடக்கும்போது நாம் எவ்வளவு வருந்துகிறோம்! அவ்வருத்தத்தை அளவுகோலாகக் கொள்வோம். ஆதலின் இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழாவிற்குச் சாந்தால் ஆசிரியர் ஒருவரை அழைப்போம். ஆடுவதற்கன்று, பேசுவதற்கு. மேடையில் அவருக்கு நாற்காலி இடுவோம். கீழே அமர்ந்து கேட்போம்.