67,46,32,83,88,800



இந்த எண்கோட்பாட்டுக் கருத்தரங்கில் பொதுவாக நாலு வார்த்தை பேசி அமர எனக்கு மனமில்லை. ஒரே ஓர் எண்ணை உங்கள்முன் வைக்கிறேன்: 67,46,32,83,88,800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் இராமானுஜன் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியல் இதோடு முடிகிறது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவதே உயர் பகு எண். இதற்கு 10,080 காரணிகள். டிரிச்லேயின் தேற்றப்படி, ஒன்றிலிருந்து இந்த எல்லைவரை உள்ள எண்களுக்குச் சராசரிக் காரணி எண்ணிக்கையோ ஏறத்தாழ 30 தான்.

பகாக் காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள். 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் 2, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. அடுக்கு எங்கேயும் ஏறவில்லை. ஏறவும் முடியாது. 3இன் அடுக்கு 2இன் அடுக்கைவிடப் பெரிது என்று வையுங்கள். இரண்டையும் இடம் மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் சிறுத்துவிடும். அப்புறம் பழைய எண் உயர் பகு எண் ஆவது எப்படி? இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாததற்கும் இதுவே காரணம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 இரண்டைத் தவிர, எப்போதும் 1 தான். அதை நிறுவத்தான் சற்று உழைக்க வேண்டும்.

பட்டியலில் 102 எண்கள், எல்லாம் கையால் போட்ட கணக்கு. விடுபட்டது ஒன்றே: 2,93,31,86,25,600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுதான். காரணிகளும் சரிபாதி, 5,040. மாணவர்களே, கணினி நொடியில் தரும் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். முதல் இருபது எண்களையாவது நீங்களே எழுதிப் பிரியுங்கள். புதிய பகா எண் எப்போது உள்ளே வருகிறது, அப்போது எந்த அடுக்கு குறைகிறது என்பது எழுதும்போதுதான் பிடிபடும். தேற்றம் பிறப்பதும் அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அன்று லண்டன் கழகத்துக்குப் பணமுடை; இந்தப் பட்டியல் இடம்பெற்ற கட்டுரையின் பின்பகுதி அச்சேறவில்லை. கணிதவியலாளர்கள் நிக்கோலா, ராபின் இருவரின் குறிப்புகளோடு 1997இல்தான் அது வெளிவந்தது. ரீமன் கருதுகோளை உண்மையெனக் கொண்டு, ஓர் எண்ணுடைய காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இராமானுஜன் அதில் வரம்பு கட்டியிருந்தார். இதே ராபின் 1984இல் ஒரு தேற்றம் நிறுவினார். 5,040க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணின் காரணிக் கூட்டுத்தொகையும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்குமானால் ரீமன் கருதுகோள் உண்மை. ஒன்று மீறினாலும் பொய். இதுவரை யாராலும் முடிவு சொல்ல முடியவில்லை.

முதல் அமர்வு இந்த வரம்பைப் பற்றியதே. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.