முதல் ஆட்டம் எது?



சின்னப் பிள்ளைக்கு முதல் ஆட்டம் எது? ஒரே ஒரு விதி உள்ள ஆட்டம். 14 குழிப் பலகையில் ஆடும் பல்லாங்குழியை அப்படி ஆக்கிக்கொள்ளலாம். ஒரு குழியில் இருக்கும் புளியங்கொட்டைகளை அள்ளு, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாய்ப் போடு. அவ்வளவுதான். நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடு, காலிக் குழி வந்தால் துடைத்து அடுத்த குழியில் உள்ளதை எடு, அதெல்லாம் அப்புறம். ஒரே ஒரு விதி. வாய் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணும். விரலிடுக்கிலிருந்து இரண்டு கொட்டை சேர்ந்தே விழும். விழட்டும், திருத்த வேண்டாம்.

பரமபதமும் நல்லதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் மேலே போய்ப் பெரிய பாம்பு கொத்தினால் நாலு வயசு அழுதுவிடும். பெரியவர்களுக்கே பொறுக்காது!

ஆடு புலி ஆட்டத்துக்கு அவசரமில்லை. 15 ஆடுகளை வைத்து 3 புலிகளை அடைக்க வேண்டும். முன்கூட்டியே யோசிக்கிற வேலை அது. பள்ளிக்கூடம் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகட்டும்.

இன்னொன்று. வீட்டில் மூன்று வயசுக்குள் குழந்தை இருந்தால் ஆடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி, மூடி போட்ட டப்பாவில் உயரத்தில் வையுங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டுவிடும்.