ஆவணமும் வாக்குறுதியும்: சித்ரா சுப்பிரமணியத்தின் பணி

(ஆய்க்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



போஃபர்ஸ் பீரங்கிப் பேரத்தைப் பற்றித் தேர்தல் மேடைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதன் உள்கணக்கை வெளிக்கொணர்ந்த சித்ரா சுப்பிரமணியம் என்ற செய்தியாளர் எப்படி வேலை செய்தார் என்பதே இன்றைய என் பொருள்.

1986 மார்ச் 24 அன்று, ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. விலை சுமார் 1,437 கோடி ரூபாய். இடைத்தரகர் யாரும் இருக்கக் கூடாது என்பது அரசு வகுத்த கொள்கை. 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி, பேரத்தில் லஞ்சம் கைமாறியதாகச் செய்தி வெளியிட்டது. அரசு மறுத்தது.

சித்ரா அப்போது ஜெனீவாவில் இருந்து 'தி இந்து'வுக்கு எழுதிக்கொண்டிருந்தார். வானொலிச் செய்தியைத் திருப்பி எழுதிவிட்டு அவர் ஓயவில்லை. ஸ்வீடனுக்குப் போனார், விசாரணையோடு தொடர்புடையவர்களைத் தேடிப் பேசினார், மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்றார். ஸ்வீடனில் நடந்த விசாரணை 1988 தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனால் அதில் திரண்ட ஆவணங்கள் சித்ராவின் கைக்கு வந்தன. வங்கிகளுக்கு அனுப்பிய பண உத்தரவுகள், நிறுவனத்தின் கடிதங்கள், அதன் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்பு என நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஸ்வென்ஸ்கா, ஏ.ஈ. சர்வீசஸ், மொரெஸ்கோ என்ற பெயர்களுக்குப் பணம் போயிருந்தது. கணக்குகளுக்கு 'லோட்டஸ்', 'டியூலிப்' என்று பூக்களின் பெயர்கள்.

பூவின் பெயரிலிருந்து ஆளின் பெயருக்குப் போவதுதான் புலனாய்வு. அதை ஊகத்தால் செய்ய முடியாது. ஒவ்வொரு தாளையும் இன்னொரு தாளோடு ஒத்துப் பார்த்து, 'தி இந்து'வின் என். ராமும் சித்ராவும் 1988 ஏப்ரல் முதல் ஆவணங்களை அச்சிலேயே காட்டினார்கள். 1989 அக்டோபரில் 'தி இந்து' அந்த வெளியீட்டை நிறுத்திக்கொண்டபோது, சித்ரா 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வழியே தொடர்ந்தார்.

ஆவணங்களைக் கொடுத்தவர் யார்? நாடே கேட்ட கேள்வி அது. சித்ரா வாய் திறக்கவில்லை. 2012 ஏப்ரலில்தான், ஸ்வீடன் விசாரணைக்குத் தலைமை தாங்கிய காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் தானே முன்வந்து, ஒரு பேட்டியில், கொடுத்தவன் நான்தான் என்றார். அவர் சொல்லும்வரை, வானொலிச் செய்தி வந்து 25 ஆண்டுகள் முடியும்வரை, அந்த ரகசியம் காக்கப்பட்டது.

அதே பேட்டியில் லிண்ட்ஸ்ட்ரோம் இன்னொன்றும் சொன்னார். பேரம் நடந்தபோது பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் உண்மை மூடி மறைக்கப்படுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். நடிகர் அமிதாப் பச்சன் மீது இந்தப் பேரத்தில் சுமத்தப்பட்ட பழிக்கும் ஆதாரம் இல்லை என்றார். இந்தப் பேட்டியைக் கண்டு வெளியிட்டவரும் சித்ராவே. குற்றத்தைக் காட்டிய அதே கை, குற்றமற்றவர் மீதிருந்த பழியையும் துடைத்தது. தாள் சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மத்தியப் புலனாய்வுத் துறை 1990 ஜனவரியில் வழக்குப் பதிந்தது. 2004-லும் 2005-லும் டெல்லி உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. இடைத்தரகர் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தேடப்பட்ட இத்தாலிய வணிகர் ஒட்டாவியோ குவாத்ரோச்சி, இந்திய நீதிமன்றத்தின் முன் நிற்காமலே 2013-இல் இறந்தார். அதனால் சித்ராவின் உழைப்பு வீண் என்று நான் எண்ணவில்லை. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. மக்கள் தெரிந்துகொள்ளும்படி செய்வது செய்தியாளரின் வேலை. அதை அவர் முழுதாகச் செய்தார்.

இதற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு? புளியரை சோதனைச்சாவடி வழியே கேரளத்துக்குக் கனிமங்கள் ஏற்றிப் போகும் லாரிகளைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேசாதவர் இல்லை. நடைச்சீட்டில் எழுதிய அளவும் வண்டியில் ஏறிய அளவும் ஒன்றா என்பது, எடைமேடையில் நிற்பவருக்குத் தெரியும். அவர் பேச வேண்டுமானால், பேசியபின் தன் பெயர் வெளிவராது என்ற உறுதி அவருக்கு வேண்டும். தகவல் தெரிவிப்போரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இன்றைக்கு அவர் பெரிதும் நம்பக்கூடிய காவல், கேட்கும் செய்தியாளரின் நாணயமே.

இந்தப் பகுதியிலிருந்து செய்தித்துறைக்குப் போகப்போகும் பிள்ளைகளே, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். கணக்கு வாசிக்கப் பழகுங்கள். அதற்கெல்லாம் முன்பு, ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் அனுமதியின்றி வெளியிடமாட்டேன் என்று உங்களுக்கு நீங்களே உறுதி சொல்லிக்கொள்ளுங்கள். பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகவல் தெரிவிப்போரைக் காக்கும் சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்று, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்.